பிள்ளையைப் பிடித்து நிறுத்த வேண்டி வந்தால்: பள்ளிக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அந்த வகுப்பறைக்குள் நான் போனபோது இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இடுப்பைச் சுற்றி ஒரு துப்பட்டா. முடிச்சு நாற்காலிக்குப் பின்னால், அவன் கைக்கு எட்டாத இடத்தில். ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு வரவில்லை. டீச்சர் என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தார். "என்ன செய்றது மேடம், கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிடுறான். நாற்பது பிள்ளைங்களை விட்டுட்டு நான் இவன் பின்னாடியே ஓட முடியுமா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு அவருக்கு யாரும் பதில் சொல்லித் தரவில்லை. ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். ஒரு பிள்ளை தலையைச் சுவரில் மோதிக்கொண்டால் கையை எங்கே வைப்பது என்று சொல்லித் தருவதில்லை. சிறப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பிள்ளைகளை அமுக்கிப் பிடித்திருக்கிறேன். அது தவறு என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பிடிப்பதைத் தண்டனையாகவோ பழக்கமாகவோ வைத்துக்கொள்ளவே கூடாது. உடம்புக்கு அந்த நொடியில் ஆபத்து இருந்தால் மட்டும், தேவையான அளவு பலத்தோடு, சில விநாடிகள். அப்படிப் பிடிக்க நேர்ந்த நாளில் அது எழுத்தில் பதிய வேண்டும், அன்று மாலைக்குள் பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

படி 1: எதெல்லாம் 'பிடித்து நிறுத்துவதில்' சேரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வதும், 'அ' எழுதப் பழகும் பிள்ளையின் விரலைப் பிடித்து நடத்துவதும் இதில் வராது. பிள்ளையின் விருப்பத்துக்கு எதிராக அதன் அசைவைத் தடுக்கும் எதுவும் வரும். அமுக்கிப் பிடிப்பது, தூக்கிக்கொண்டு போவது, துப்பட்டாவாலோ கயிற்றாலோ கட்டுவது எல்லாம் நமக்கே தெரியும். பெஞ்சைச் சுவரோடு ஒட்டித் தள்ளி நடுவில் பிள்ளையை உட்கார வைப்பதும் அதேதான். ஸ்டோர் ரூமில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவதும் அதேதான். சக்கர நாற்காலியை எட்டாத தூரத்தில் தள்ளி வைப்பது, பேச்சு வராத பிள்ளை தனக்கு வேண்டியதைக் காட்டிச் சொல்லும் படஅட்டைகளைப் பிடுங்கி வைப்பது ஆகியவற்றையும் நான் இதில்தான் சேர்ப்பேன்.

ஒரு குழப்பம் அடிக்கடி வரும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் நாற்காலியில் பெல்ட் இருக்கும். முதுகு நேராக நிற்கவும் கீழே விழாமல் இருக்கவும் பிசியோதெரபிஸ்ட் அளவு பார்த்துப் போடச் சொன்னது அது. அதில் தவறில்லை. நன்றாக நடக்கும் பிள்ளையை "ஓடாமல் இருக்கட்டும்" என்று அதே நாற்காலியில் உட்கார்த்திப் பெல்ட்டைப் போட்டால் அது கட்டி வைத்தது ஆகிவிடும்.

படி 2: சட்டம் எங்கே நிற்கிறது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-வது பிரிவு, பிள்ளைகளுக்கு உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 75-வது பிரிவு, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமையைக் குற்றமாக்குகிறது. பிள்ளைகளைப் பாதுகாக்கும் பொறுப்புள்ள ஒரு நிறுவனத்தின் பணியாளர் அதைச் செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 6-வது பிரிவு, கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து அவர்களைக் காக்கச் சொல்கிறது. அறையில் பூட்டி வைத்தால் சட்டவிரோத அடைப்பு என்ற குற்றமும் சேரலாம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் உடல்தண்டனை ஒழிப்பு வழிகாட்டுதல்களை எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது.

அப்படியானால் ரோட்டுக்கு ஓடும் பிள்ளையைத் தொடவே கூடாதா? தொடலாம், தொட வேண்டும். ஓர் உயிரைக் காக்க அந்த நேரத்தில் தேவையான அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்துவதைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. தேவை முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

பள்ளியில் எப்போது பிடிக்கலாம், எத்தனை நேரம் பிடிக்கலாம் என்பதற்கு நான் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 97-வது பிரிவை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். அது மனநல மருத்துவமனைகளுக்கு எழுதப்பட்டது. பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் அடிப்படை விதிகள் வகுப்பறைக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் பிடிக்கலாம், தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளக் கூடாது, தண்டனையாகச் செய்யக் கூடாது, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் சார்பில் நியமிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். தனி அறையில் அடைப்பதற்கு அங்கே இடமே இல்லை.

இந்த விஷயத்தில் நம் மண்ணில் ஒரு வடு இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரு பிள்ளையை நாற்காலியில் கட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் கேள்வி, "இப்போது இங்கே தீப்பிடித்தால் அந்த முடிச்சை யார் அவிழ்ப்பார்?" என்பதுதான்.

படி 3: அமைதியாக இருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. இதைச் சரியாகச் செய்த பள்ளியில் பிடிக்க வேண்டிய நிலை அநேகமாக வருவதே இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளை கட்டுக்கடங்காமல் போன ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: சற்று முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு பிள்ளைக்கு என்ன கிடைத்தது. மணியை மறக்காமல் குறியுங்கள். அந்தத் துப்பட்டாப் பையனுக்கும் இதைத்தான் செய்தோம். இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அவன் ஓடியதெல்லாம் பதினொன்று, பதினொன்றேகாலுக்கு. வகுப்பறை ஜன்னலுக்கு நேர் கீழே சத்துணவுக் கூடம். அந்த நேரத்தில் தாளிக்கும் நெடியும் பெரிய அண்டா தரையில் இழுபடும் சத்தமும் சேர்ந்து ஏறும். மற்ற பிள்ளைகளுக்கு அது பசியைக் கிளப்பும். அவனுக்கு அது தாங்க முடியாத வேதனை. எதிர்ப்பக்க வகுப்பறைக்கு அந்தப் பிரிவையே மாற்றினார் எச்.எம். ஓட்டம் முழுசாக நிற்கவில்லை, ஆனால் வாரத்துக்கு ஐந்து என்றிருந்தது மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

உங்கள் பள்ளியில் காரணம் வேறாக இருக்கும். அசெம்பிளி ஒலிபெருக்கி, பெல், விளையாட்டு விழா ஒத்திகையால் மாறிப்போகும் பீரியட், லீவில் போன டீச்சருக்குப் பதிலாக வந்த புது முகம், கழிவறைக்குப் போகக் கேட்கத் தெரியாதது, காலையில் சாப்பிடாமல் வந்தது. பேச்சு வராத பிள்ளை திடீரென்று மாறினால் முதலில் வலியைச் சந்தேகப்படுங்கள். காது வலி, பல் சொத்தை, நாலு நாளாக மலம் போகாதது என்று எத்தனையோ "அடங்காத" பிள்ளைகளின் கதை மருத்துவரிடம் போனதும் முடிந்திருக்கிறது.

அடுத்து, பெற்றோரிடம் ஒரு பக்கத்துக்குத் தகவல் வாங்குங்கள். கோபம் ஏறும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன, வீட்டில் எப்படி அமைதியாகிறான், தொட்டால் பிடிக்குமா பிடிக்காதா, என்ன மருந்து எடுக்கிறான். கூடவே மூன்று உடல் கேள்விகள்: ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, வலிப்பு உண்டா. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும், அவர்கள் தலையையும் கழுத்தையும் யாரும் அழுத்தவே கூடாது. இந்தத் தாள் எச்.எம். அறை பீரோவில் இருந்து பயனில்லை. அந்த வகுப்புக்குப் போகும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும், பி.டி. சாரும் ஆயாம்மாவும் உட்பட.

பிறகு ஒரு மூலை. தனி அறை கட்டப் பணம் வேண்டாம். நூலக ஓரத்தில் ஒரு பாய், ஒரு தலையணை, வெளிச்சம் குறைந்த இடம். பிள்ளை தானாகப் போய்த் தானாக வரலாம் என்பது முக்கியம். கதவைச் சாத்தினால் அது அடைத்து வைப்பதாகிவிடும். கேட்டின் தாழ்ப்பாளைப் பெரியவர் கை உயரத்துக்கு மாற்றுங்கள். ஒரு வெல்டர் அரை நாளில் முடித்துவிடுகிற வேலை, ஒரு பிள்ளையைக் கட்டி வைப்பதற்கான காரணத்தையே அது இல்லாமல் செய்துவிடும்.

கடைசியாக, இரண்டு பேரை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கூப்பிட்டால் ஓடி வருபவர்கள், பிள்ளைக்குப் பழகிய முகங்கள். வளர்ந்த பெண் பிள்ளைக்குப் பெண் ஆசிரியர்கள்தான். பாதுகாப்பாகப் பிடிக்கும் முறையை எழுத்தில் படித்துக் கற்க முடியாது, என் எழுத்து உட்பட. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் பிசியோதெரபிஸ்டையும் பள்ளிக்கு அழைத்து இவர்கள் இருவரும் நேரில் செய்து பார்க்கக் கேளுங்கள்.

படி 4: கொதிநிலை ஏறும்போது

முதலில், இது வலிப்பா என்று பாருங்கள். உடம்பு விறைத்து, கை கால் வெட்டி, கூப்பிட்டால் உணர்வு இல்லை என்றால் வலிப்பு. வலிப்பில் பிள்ளையை அமுக்கிப் பிடிக்கவே கூடாது. சுற்றியுள்ள பொருட்களை நகர்த்தி, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

வலிப்பு இல்லை என்றால், பிள்ளையைப் பிடிப்பதற்கு முன் மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். நாற்பது பேரை மரத்தடிக்குக் கூட்டிப் போவது ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதைவிட எளிது. நானும் பல டீச்சர்களும் தலைகீழாகவே செய்து வந்தோம். பார்ப்பவர்கள் போய்விட்டாலே பாதி கொதிப்பு இறங்கும். அதன் பிறகு குரலைத் தாழ்த்துங்கள். மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். "சரிப்பா, நான் இருக்கேன்" போதும். முறைத்துப் பார்க்காதீர்கள், குறுக்கே நின்று வழியை அடைக்காதீர்கள், பக்கவாட்டில் இரண்டு கை தூரத்தில் நில்லுங்கள். கத்தரிக்கோல், காம்பஸ், ஸ்டீல் தண்ணீர் பாட்டிலைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். பெஞ்சைத் தட்டினால் தட்டட்டும். புத்தகம் கிழிந்தால் கிழியட்டும். பொருளைக் காப்பாற்றப் பிள்ளையைப் பிடிக்கக் கூடாது.

பிடிக்காமலே சமாளிக்கக்கூடிய சில நிலைகள்: தலையைச் சுவரில் மோதினால் தலையைப் பிடிக்காதீர்கள், இடையில் புத்தகப் பையையோ தலையணையையோ கொடுங்கள். உங்கள் கையைக் கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால்தான் சதை கிழியும். கையை மெதுவாக வாய்ப்பக்கமே நகர்த்துங்கள், தாடை தளரும். தலைமுடியைப் பிடித்தால் பிள்ளையின் கையை உங்கள் தலையோடு சேர்த்து வைத்துக்கொண்டு விரல் தளரக் காத்திருங்கள். ஓடும் பிள்ளையைத் துரத்தினால் அதுவே விளையாட்டாகிவிடும். கேட் சாத்தியிருந்தால் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தாலே போதும்.

படி 5: வேறு வழியே இல்லாதபோது

மூன்று கேள்வி. இப்போது, இந்த நொடியில், யாருக்காவது காயம் படப்போகிறதா? மற்றவர்களை நகர்த்தியோ இடையில் எதையாவது வைத்தோ தடுக்க முடியாத நிலையா? நான் பிடிப்பதால் வரும் ஆபத்து, பிடிக்காவிட்டால் வரும் ஆபத்தைவிடக் குறைவா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால்தான் கை போக வேண்டும். சொல் கேட்கவில்லை, உட்காரவில்லை, எழுதவில்லை, கெட்ட வார்த்தை பேசினான் என்பவற்றுக்கு முதல் கேள்வியிலேயே பதில் "இல்லை".

பிடிக்கும்போது பிள்ளை பார்க்கும் திசையிலேயே நீங்களும் பார்த்தபடி பக்கத்தில் நில்லுங்கள். ஒரு கை முழங்கைக்கு மேலே, விரல்கள் அழுந்தாமல். மறு கை விரித்தபடி முதுகின் மேல்பக்கம். ஆபத்தை விட்டு நாலு அடி நடத்திக் கூட்டிப் போய்விடுங்கள், அவ்வளவுதான். மணிக்கட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையைச் சுண்டி இழுத்தால் முழங்கை மூட்டு எளிதில் விலகிவிடும்.

எந்த நிலையிலும் செய்யக் கூடாதவை உண்டு. குப்புறப் படுக்க வைத்துப் பிடிக்காதீர்கள். முதுகு, மார்பு, வயிறு, கழுத்து இவற்றில் கையையோ முழங்காலையோ வைத்து அழுத்தாதீர்கள். உட்கார்ந்த நிலையில் முன்னால் மடக்காதீர்கள். வாயையோ மூக்கையோ பொத்தாதீர்கள். கையைப் பின்னால் முறுக்காதீர்கள். பிள்ளை மேல் யாரும் உட்காராதீர்கள். மூச்சு உள்ளே போக நெஞ்சும் வயிறும் விரிய வேண்டும், அதற்கு இடம் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும். 2004-இல் இங்கிலாந்தில் ஓர் இளஞ்சிறார் காவல் மையத்தில் 15 வயதுச் சிறுவனை மூன்று பணியாளர்கள் உட்கார்ந்த நிலையில் மடக்கிப் பிடித்தார்கள். மூச்சு விட முடியவில்லை என்று அவன் சொல்லியும் விடவில்லை. அவன் இறந்துபோனான். அந்தப் பிடியைப் பிறகு தடை செய்தார்கள். "பேச முடிகிறதே, அப்ப மூச்சு இருக்கு" என்று நினைப்பது உயிரைக் குடிக்கும் தப்பு. பிள்ளை திடீரென்று அமைதியானாலும் "அடங்கிவிட்டான்" என்று நினைக்காதீர்கள், உடனே கையை எடுத்து முகத்தைப் பாருங்கள்.

ஒருவர் பிடித்தால் மற்றவர் பிள்ளையின் முகம், உதட்டு நிறம், மூச்சு இவற்றை மட்டும் பார்க்க வேண்டும். "விடு" என்று சொல்லும் அதிகாரம் பார்ப்பவருக்குத்தான், அவர் ஆயாம்மாவாக இருந்து பிடிப்பவர் எச்.எம்.மாக இருந்தாலும். பத்துப் பத்து விநாடிக்கு ஒரு முறை பிடியைத் தளர்த்திப் பாருங்கள். உதடு நீலம் பூத்தால், வாந்தி வந்தால், உடம்பு துவண்டால் விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 6: அன்று மாலைக்குள்

பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் ஒருவர் கூடவே இருக்கட்டும். "ஏன் இப்படிச் செஞ்ச?" என்ற விசாரணை அன்று வேண்டாம். உடம்பில் சிராய்ப்பு இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், இல்லாவிட்டால் அவனுக்கு "பைத்தியம்" என்ற பெயர் மறுநாளே வந்துவிடும். பிடித்த ஆசிரியரின் கையும் நடுங்கும். அவருக்கு ஒரு பீரியட் ஓய்வு கொடுப்பது எச்.எம்.மின் கடமை.

பதிவேட்டில் "கட்டுக்கு அடங்கவில்லை, கட்டுப்படுத்தப்பட்டான்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். இப்படி எழுதுங்கள்: "காலை 11.20, முன் கேட். லாரி வந்துகொண்டிருந்தது. பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன், நிற்கவில்லை. இடது முழங்கைக்கு மேல் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். சுமார் 20 விநாடி. உடன் இருந்தவர் ஆயாம்மா. காயம் இல்லை. 11.40-க்கு அம்மாவிடம் போனில் சொன்னேன்." இதை எழுத வெட்கப்படும்படி ஒன்று நடந்திருந்தால், அது நடந்திருக்கக் கூடாத ஒன்று.

பெற்றோரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடாமல் நேரடியாகப் பேசுங்கள். "அம்மா, பையன் நல்லா இருக்கான். காலையில ரோட்டுக்கு ஓடப் பார்த்தான், நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். சாயந்திரம் வரும்போது பத்து நிமிஷம் பேசலாமா?" முதல் வாக்கியம் பிள்ளை நலம் என்பதாக இருக்கட்டும். பள்ளியிலிருந்து போன் வந்தாலே அந்தத் தாய்க்கு வயிறு கலங்கும்.

பெற்றோருக்கு

பிள்ளை உடம்பில் வரி வரியாகத் தழும்பு இருந்தால், பள்ளி யூனிஃபார்மைப் பார்த்ததும் அலறினால், திடீரென்று படுக்கையில் சிறுநீர் போனால், கேளுங்கள். பேச்சு வராத பிள்ளையிடம் பொம்மையைக் கொடுத்து "ஸ்கூல்ல என்ன செஞ்சாங்க?" என்று காட்டச் சொல்லுங்கள். பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். தழும்பு இருந்தால் அன்றே தேதியோடு போட்டோ எடுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். பிறகு எச்.எம்.முக்கு எழுத்தில் கொடுங்கள்: என்று, எத்தனை மணிக்கு, யார், எப்படி, எவ்வளவு நேரம், ஏன் எனக்குச் சொல்லவில்லை. நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

பதில் வராவிட்டால் 14417 பள்ளிக்கல்வி உதவி எண். கட்டிப் போட்டது, அடைத்தது, காயம் என்றால் காத்திருக்காமல் 1098. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் என்று வழிகள் உண்டு.

சில பள்ளிகள், "தேவைப்பட்டால் கட்டுப்படுத்த எனக்குச் சம்மதம்" என்று ஒரு தாளை நீட்டும். கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சம்மதத்தால் தண்டனை சட்டப்படி சரியாகிவிடாது, பின்னால் அந்தத் தாளை உங்களிடமே காட்டுவார்கள். அதற்குப் பதிலாக, படி 3-இல் சொன்ன திட்டத்தைச் சேர்ந்து எழுதலாம் என்று கேளுங்கள். "டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்றால், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு.

ஒரே மாதத்தில் இரண்டு முறை பிடிக்க நேர்ந்தால் திட்டம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மூன்றாவது முறைக்குக் காத்திருக்காதீர்கள். வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பெற்றோர், முடிந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவர் எல்லோரும் அந்த நாற்பது பக்க நோட்டை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மணியைப் பாருங்கள். இடத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் அந்த ஜன்னலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள்.